சுவர் சொக்கெட்டுக்கும் ஒரு காவல்: 802.1எக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டு மூன்று தளங்களில் இயங்கும் அலுவலகம். 100 முதல் 500 போர்ட் வரை. வெளியூரில் ஓரிரு கிளைகள். அப்படியான வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. சுவிட்ச், வீலேன், டிஎச்சிபி தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். இயல்பு நேரங்கள் என்று கீழே வரும் எண்கள் சிஸ்கோ சுவிட்சுகளுடையவை. மற்றக் கொம்பனிகளின் சுவிட்சில் பெயரும் எண்ணும் மாறும், வேலை ஒன்றுதான்.

802.1எக்ஸை டொட்-வன்-எக்ஸ் என்கிறார்களே, அது செய்வது என்ன?

கேபிளைச் செருகியதும் போர்ட்டின் விளக்கு எரியும். ஆனால் சுவிட்ச் எதையும் உள்ளே விடாது. ஈஏபி எனும் அங்கீகாரப் பொதிகளை (ஈதர்டைப் பதினறும எண்ணில் 888ஈ) மட்டும் வாங்கி, அவற்றை ரேடியஸ் (அனுமதி கேட்கும் நெறிமுறை) பொதிக்குள் வைத்துச் சேர்வருக்கு அனுப்பும். சேர்வர் சரி என்றால் போர்ட் திறக்கும், எந்த வீலேன் என்பதையும் சேர்வரே சொல்லலாம். இல்லை என்றால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஐபி முகவரி வராது.

இதில் மூன்று பேர். கணினியில் இருந்து அனுமதி கேட்கும் மென்பொருளான சப்ளிகன்ட், சுவிட்ச், ரேடியஸ் சேர்வர். கட்டட வாசலில் நிற்கும் செக்கியூரிட்டியைப் போன்றது சுவிட்ச். அவரிடம் பெயர்ப்பட்டியல் கிடையாது, மேலே தொலைபேசியில் கேட்டுத்தான் ஆளை விடுவார். மேலே யாரும் எடுக்காவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்னமே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதை எழுதிக் கொடுக்காத இடங்களில்தான் ஒரு திங்கட்கிழமை காலை முழு அலுவலகமும் வெளியே நிற்கிறது.

ஐஈஈஈ இந்தத் தரத்தை 2001இல் வெளியிட்டது. 2004, 2010, 2020 ஆண்டுகளில் திருத்தியது. அலுவலக வைஃபையில் பலர் தெரியாமலே பயன்படுத்துவது இதைத்தான். கேபிளில் மட்டும் பலர் இன்னும் போடவில்லை.

மெக் முகவரியைப் பூட்டி வைக்கும் போர்ட் செக்யூரிட்டி போதாதா?

பிரிண்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். வரிசை எண்ணுக்குக் கீழே 12 எழுத்தில் மெக் முகவரி (கருவியின் வலையமைப்பு அடையாள எண்) அச்சிட்டு ஒட்டியிருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து லப்டொப்பின் அடாப்டரில் போட ஒரு நிமிடம் போதும். போர்ட் செக்யூரிட்டி தவறுதலாகச் செருகுபவரைத் தடுக்கும். வேண்டுமென்றே வருபவருக்கு அது தடையே இல்லை.

15 பேர் இருக்கும் சிறு அலுவலகம். எங்களுக்கும் வேண்டுமா?

அனேகமாக வேண்டாம். பாவிக்காத போர்ட்டுகளை ஷட்டவுன் செய்யுங்கள், வரவேற்பறையிலும் கூட்ட அறையிலும் உள்ள சொக்கெட்டுகளைத் தனி வீலேனில் போட்டு இணையத்துக்கு மட்டும் வழி விடுங்கள், சுவிட்ச் இருக்கும் பெட்டியைப் பூட்டுங்கள். இரண்டு ரேடியஸ் சேர்வர்களைப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் 802.1எக்ஸ் போடுவது புதிய பிரச்சினையை விலைக்கு வாங்குவது.

தொடங்குமுன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

சுவிட்சைப் பொறுத்தவரை "மனேஜ்டு சுவிட்ச்" என்று கேட்டு வாங்கினால் போதாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் அந்தப் பெயரில் கிடைக்கும் மலிவு வகைகள் பலவற்றில் 802.1எக்ஸ் என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் பிரிண்டரை உள்ளே விடத் தேவையான மெக் வழி அனுமதியோ, சேர்வர் சொல்லும் வீலேனை ஏற்கும் வசதியோ, சேர்வர் பதில் தராதபோது விழ ஒரு மாற்று வீலேனோ இருக்காது. வாங்குமுன் விவரப் பத்திரத்தில் இந்த மூன்றையும் தேடுங்கள். ஒரு போர்ட்டில் தொலைபேசியும் கணினியும் சேர்ந்து வருமானால், இரண்டையும் தனித்தனியே அங்கீகரிக்குமா என்பது நான்காவது.

ரேடியஸ் சேர்வர் இரண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு இயந்திரங்களில். ஒரே ஹோஸ்டில் இரண்டு விஎம் (மெய்நிகர் இயந்திரம்) என்றால் ஒன்று என்றே கணக்கு. ஆக்டிவ் டிரெக்டரி (கணினி, பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசொஃப்ட் டிரெக்டரி) இருக்கும் இடத்தில் விண்டோஸ் சேர்வருடன் வரும் ரேடியஸான என்பிஎஸ்ஸுக்குத் தனிக் காசு இல்லை. ஃப்ரீரேடியஸும் இலவசம், கற்கச் சற்று நேரம் எடுக்கும். சிஸ்கோ ஐஎஸ்இ, அருபா கிளியர்பாஸ் போன்றவை வசதியானவை, லைசன்ஸ் செலவும் அதற்கேற்ப. திறந்த மூலத்தில் பக்கெட்ஃபென்ஸும் உண்டு.

அங்கீகாரத்துக்கு யுடிபி போர்ட் 1812 (சுவிட்சின் போர்ட் அல்ல, மென்பொருள் போர்ட் எண்), கணக்குப் பதிவுக்கு 1813. பழைய கருவிகள் 1645, 1646 பாவிக்கும். விண்டோஸ் சேர்வர் 2019இல் என்பிஎஸ்ஸை நிறுவும்போது உருவாகும் ஃபயர்வோல் விதி வேலை செய்யாமல் இருப்பது தெரிந்த குறை. பொதி சேர்வர் வரை வந்தும் என்பிஎஸ் பதிவில் ஒன்றுமே இல்லை என்றால், அந்தப் போர்ட்டுகளுக்குக் கையால் ஒரு விதி எழுதிப் பாருங்கள்.

கடவுச்சொல்லா, சான்றிதழா?

சான்றிதழ். அதாவது கணினியில் வைக்கும் டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும் ஈஏபி-டிஎல்எஸ்.

கடவுச்சொல் வழியான பீப்-எம்எஸ்சாப் தொடங்க இலகு. ஆனால் விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து என்டர்பிரைஸ், எடியூகேஷன் வகைகளில் கடவுச்சொல்லைக் காக்கும் கிரெடென்ஷியல் கார்ட் தானாகவே இயங்குகிறது, அது எம்எஸ்சாப்புக்கு லொகின் கடவுச்சொல்லைக் கொடுக்காது. பழைய கணினியில் தானாக இணைந்தவர், புதுக் கணினியில் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கிறது என்று வந்து நிற்பார். கடவுச்சொல்லை மாற்றியவரின் இன்னொரு கணினி பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பி அவருடைய கணக்கைப் பூட்டிவிடும். அதுவும் போதாதென்று, சேர்வர் சான்றிதழைச் சரிபார்க்கும் பெட்டியில் டிக் போடாமல் விட்டால் யாரும் போலிச் சேர்வர் வைத்துக் கடவுச்சொல் பரிமாற்றத்தைப் பிடிக்கலாம்.

சான்றிதழ் வழிக்கு உள்ளகச் சான்றிதழ் அதிகாரி ஒன்று வேண்டும், குரூப் பொலிசியிலோ இன்டியூனிலோ (மைக்ரோசொஃப்டின் கணினி நிர்வாகக் கருவிகள்) கணினிகளுக்குச் சான்றிதழ் தானாகப் போக வேண்டும். இதில் இரண்டு பொறிகள். ஒன்று, மைக்ரோசொஃப்டின் கேபி5014754 என்ற பாதுகாப்பு மாற்றம்: 2022 மே மாதம் தொடங்கி, 2025இல் கட்டாயமானது. கணினிக் கணக்கின் எஸ்ஐடி (அடையாள எண்) சான்றிதழில் இல்லாவிட்டால் ஆக்டிவ் டிரெக்டரி அதை அந்தக் கணக்குடன் பொருத்தாது, என்பிஎஸ் மறுத்துவிடும். பழைய டெம்பிளேட்டில் எடுத்த சான்றிதழ்களைப் புதுப்பிக்க வேண்டும். மற்றது, மைக்ரோசொஃப்டின் கிளவுட் டிரெக்டரியான என்ட்ரா ஐடியில் மட்டும் சேர்த்த லப்டொப்புகளுக்கு உள்ளக டிரெக்டரியில் கணினிக் கணக்கே இல்லை. என்பிஎஸ் யாரைத் தேடும்? அப்படியான கணினிகள் அதிகம் என்றால், சான்றிதழை மட்டும் வைத்து முடிவெடுக்கும் ஃப்ரீரேடியஸ் போன்ற ஒன்றுக்குப் போவது நல்லது.

விண்டோஸ் கணினியில் அங்கீகாரப் பக்கமே தெரியவில்லையே?

"வயர்ட் ஆட்டோகொன்ஃபிக்" என்ற சேவை இயங்கவில்லை. விண்டோஸில் அது இயல்பில் மனுவல். அதை ஆட்டோமெட்டிக் ஆக்கி ஓடவிட்டால் ஈதர்நெட் அடாப்டரின் பண்புகளில் அந்தப் பக்கம் வரும். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டாம். குரூப் பொலிசியில் கணினிப் பகுதியின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் 802.3 வயர்ட் பொலிசி ஒன்று எழுதி, அதே பொலிசியில் சேவையையும் ஆட்டோமெட்டிக் ஆக்குங்கள்.

அங்கீகார வகையில் "கணினி மட்டும்" அல்லது "கணினி அல்லது பயனர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "பயனர் மட்டும்" போட்டால் லொகின் திரையில் வலையமைப்பு இருக்காது, அந்தக் கணினியில் முதன்முறை லொகின் செய்பவர் டொமைனை அடைய முடியாமல் நிற்பார். இரவில் அப்டேட் தள்ளவும் முடியாது. எங்களைக் கேட்டால், கேபிளுக்குக் கணினி மட்டுமே போதும். யார் என்பதை மேலே உள்ள சேவைகள் கேட்கட்டும்.

பிரிண்டர், கமெரா, கைரேகை இயந்திரம்: இவை 802.1எக்ஸ் பேசாதே?

இந்த வேலையின் பாதி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. சுவிட்சில் கட்டளை தட்ட ஒரு மாலை போதும். பேசத் தெரியாத கருவிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரைத் தேடி, எங்கே விடுவது என்று முடிவெடுக்க மாதங்கள் போகும்.

முதலில், உண்மையில் பேசாதா என்று பாருங்கள். அலுவலகத் தரப் பிரிண்டர்கள் பலவற்றின் வலைப் பக்கத்திலும், ஐபி கமெராக்கள் பலவற்றிலும் 802.1எக்ஸ் அமைப்பு இருக்கிறது. தேடாமலே பேசாது என்று எழுதிவிடுகிறோம். பேசக்கூடியதற்குச் சான்றிதழ் போடுங்கள், முடிவுத் திகதியைக் குறித்தும் வையுங்கள். பிரிண்டர் தன் சான்றிதழைத் தானாகப் புதுப்பிப்பது அரிது.

பேசாதவற்றுக்கு எம்ஏபி, அதாவது முன்னே சொன்ன மெக் வழி அனுமதி. சுவிட்ச் கருவியின் மெக் முகவரியையே பயனர்பெயராகவும் கடவுச்சொல்லாகவும் வைத்துச் சேர்வரிடம் கேட்கும். பிரிண்டர் ஸ்டிக்கரைப் படம் பிடித்தவர் இந்த வழியால் உள்ளே வரலாம். ஆகவே எம்ஏபியில் வருவதை நம்பிக்கையானது என்று எண்ணாமல், அந்தக் கருவிக்குத் தேவையான அளவு மட்டும் வழி விடுங்கள். பிரிண்டர் வீலேனுக்குப் பிரிண்ட் சேர்வரிலிருந்து 9100, 631, கண்காணிப்புக்கு 161. கைரேகை வருகைப் பதிவு இயந்திரங்கள் பல 4370ஆம் போர்ட்டில் பேசும். மனிதவளப் பிரிவின் சேர்வர் ஒன்றுக்கு மட்டும் அதைத் திறந்தால் போதும். கமெராக்கள் பதிவுக் கருவியைத் தவிர வேறெதையும் காணத் தேவையில்லை. வாகனத் தரிப்பிடத்தின் தூணில் இருக்கும் கமெராவை யோசித்துப் பாருங்கள்: ஏணி வைத்துக் கேபிளைக் கழற்றி லப்டொப்பில் செருகினால், அந்தக் கேபிள் நேரே உங்கள் சுவிட்சுக்கு வருகிறது.

அடிக்கடி கேட்கும் முறைப்பாடு: "பிரிண்டர் காலையில் ஐபி எடுப்பதில்லை." சுவிட்ச் 30 செக்கனுக்கு ஒருமுறை ஈஏபி கேள்வி கேட்கும், பதில் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு முறை. மொத்தம் 90 செக்கனுக்குப் பிறகுதான் எம்ஏபிக்குப் போகும். அதற்குள் பிரிண்டர் டிஎச்சிபி கேட்டுக் களைத்து நிறுத்திவிடும். டிஎக்ஸ்-பீரியட் என்ற அந்த இடைவெளி நேரத்தை 10 செக்கனாகக் குறைத்தால் மொத்தம் 30 ஆகும். 1 அல்லது 2 என்று மிகக் குறைத்தால் மெதுவாக எழும் கணினிகள் எம்ஏபிக்குள் விழுந்து தவறான வீலேனில் நிற்கும்.

இன்னொன்று, மெக் முகவரி எழுதும் விதம். சில சுவிட்சுகள் சிறிய எழுத்தில் இடைவெளியின்றி அனுப்பும், சில பெரிய எழுத்தில் சிறுகோட்டுடன், சில முக்காற்புள்ளியுடன். பட்டியலில் ஒருவிதமும் கேள்வியில் ஒருவிதமும் இருந்தால் பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் விதி சேர்வரில் இருக்கட்டும்.

என்பிஎஸ்ஸில் எம்ஏபி செய்வது எங்களுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு மெக்குக்கும் ஆக்டிவ் டிரெக்டரியில் ஒரு பயனர் கணக்கு வேண்டும், பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றே. அதற்காகக் கடவுச்சொல் விதியைத் தளர்த்த வேண்டும். பிரிண்டர் ஸ்டிக்கரைப் படித்தவர் அந்தக் கணக்கால் டொமைனுக்குள்ளும் நுழையப் பார்க்கலாம். எம்ஏபியை மட்டும் தனி ஃப்ரீரேடியஸுக்கு ஒதுக்குங்கள்.

தொலைபேசிக்குப் பின்னால் கணினி. ஒரே போர்ட்டில் இரண்டு?

சுவிட்சில் மல்டி-டொமைன் முறையைப் போடுங்கள்: குரலுக்கு ஒரு கருவி, தரவுக்கு ஒரு கருவி. தொலைபேசி குரல் வீலேனுக்குப் போக, இது தொலைபேசி என்று சேர்வர் சொல்ல வேண்டும். சிஸ்கோவில் அதற்கென்றே தனிப் பண்பு ஒன்று உண்டு. அது போகாவிட்டால் தொலைபேசி தரவுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும், பின்னால் வரும் கணினி இரண்டாவது ஆளாகி, மீறல் என்று போர்ட் அணைந்துவிடும்.

கணினியைக் கழற்றினால் சுவிட்சுக்குத் தெரியாது, தொலைபேசியின் கேபிள் இன்னும் இருக்கிறதே. நல்ல தொலைபேசிகள் கணினி சார்பில் லொகோஃப் பொதி அனுப்பும். உங்களுடையது அனுப்பாவிட்டால் பயன்பாடற்ற நேரக் கெடு வையுங்கள்.

மீறல் வந்தால் போர்ட்டை அணைக்காமல், கூடுதல் கருவியின் பொதிகளை மட்டும் தடுக்கும்படி மாற்றிவிடுங்கள். லப்டொப்பில் விஎம் ஒன்றைப் பிரிட்ஜ் முறையில் ஓட்டும் டெவலப்பர் ஒவ்வொரு நாளும் உங்களை அழைக்காமல் இருப்பார்.

வீலேனைச் சேர்வர் எப்படிச் சொல்கிறது?

மூன்று ரேடியஸ் பண்புகள்: டனல்-டைப் 13, டனல்-மீடியம்-டைப் 6, டனல்-பிரைவட்-குரூப்-ஐடியில் வீலேனின் எண் அல்லது பெயர். பெயரே நல்லது, தளத்துக்குத் தளம் எண் மாறினாலும் விதி ஒன்றாக இருக்கும். அந்த வீலேன் சுவிட்சில் உருவாக்கப்படாமல் இருந்தால் அங்கீகாரம் வெற்றி என்று சேர்வர் சொல்லும், போர்ட் திறக்காது. இதைத் தேடி அரைநாள் தொலைப்பவர்கள் பலர்.

லொகின் திரையில் ஒரு வீலேன், லொகின் செய்தபின் இன்னொன்று என்று வைக்காதீர்கள். போர்ட் கீழே போகாததால் கணினி தன் பழைய ஐபியையே வைத்துக்கொண்டு நிற்கும்.

எந்த வரிசையில் போடுவது?

முதலில் சேர்வர், சுவிட்ச், கணினி எல்லாவற்றினதும் நேரத்தை என்டிபியில் ஒன்றாக்குங்கள். பிறகு சேர்வர் அறை, அப்லிங்க், அக்செஸ் பொயின்ட் போர்ட்டுகளைப் பட்டியலிட்டு விலக்குங்கள். ரேடியஸ், டிரெக்டரி, டிஎச்சிபி சேர்வர்கள் இருக்கும் போர்ட்டில் 802.1எக்ஸ் போட்டால், அவை எழுவதற்கு அவற்றிடமே அனுமதி கேட்க வேண்டி வரும்.

பின்னர் ஐடி பிரிவின் மேசைகளில் மட்டும் கண்காணிப்பு முறை. அங்கீகாரம் நடக்கும், தோற்றாலும் போர்ட் திறந்தே இருக்கும், பதிவு மட்டும் வரும். அது ஒழுங்கானதும் எல்லாத் தளங்களிலும் அதே முறையில் ஆறு வாரமாவது விடுங்கள். ஏன் ஆறு? சம்பளக் காசோலை அச்சிடும் பிரிண்டர் மாதக் கடைசியில் மட்டும் எழும், அது ஒருமுறையாவது பதிவில் வர வேண்டும். தோல்விப் பட்டியலை ஒவ்வொரு வாரமும் எடுத்து, தெரியாத மெக் ஒவ்வொன்றையும் கேபிள் வழியே நடந்துபோய்ப் பாருங்கள். முதல் ஆறு எழுத்து தயாரிப்பாளரைச் சொல்லும். மேசைக்கடியில் மறந்துபோன வைஃபை ரவுட்டர்கள் நிச்சயம் கிடைக்கும். கண்காணிப்பில் சேர்வர் வீலேன் அனுப்பினால் சுவிட்ச் அதைச் செயல்படுத்தப் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம், இந்தக் கட்டத்தில் அனுமதி மட்டும் அனுப்புங்கள்.

மூடுவது தளம் தளமாக, செவ்வாய் அல்லது புதன் காலையில். வெள்ளி மாலையும் போயாவுக்கு முதல் நாளும் ஆகவே ஆகாது. ஒரு வாரம் முன்னதாகச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அறிவித்தல் போகட்டும். "இணைப்பு வராவிட்டால் கேபிளைக் கழற்றாமல் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்ற ஒரு வரி போதும். கழற்றிப் பக்கத்து சொக்கெட்டில் செருகினால் எந்தப் போர்ட் என்று கண்டுபிடிப்பது உங்கள் தலையில் விழும்.

சேர்வர் பதில் தராவிட்டால்? கரண்ட் போய் வந்தால்?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது நினைவிருக்கும். அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேரம் வரை மின்வெட்டு. அப்படியான நாளில் தளத்திலுள்ள சுவிட்ச் ஜெனரேட்டர் பிடிக்கும் வரையான சில செக்கனில் அணைந்து, சில நிமிடங்களில் மீண்டும் எழுந்து, 48 போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் அனுமதி கேட்கும். சேர்வர் அறையில் விஎம்கள் அதற்குள் எழுந்திருக்காது. சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வைத்தால் இந்தத் தலையிடியில் முக்கால்வாசி போய்விடும்.

மீதிக்கு ஒரு அவசர வீலேன். சேர்வர்கள் எல்லாம் பதிலற்றவை என்று சுவிட்ச் முடிவு செய்ததும் புதிதாக வரும் கருவிகளை அதில் விடும், சேர்வர் திரும்பியதும் மறுபடி அங்கீகரிக்கும். தொலைபேசிக்கும் இதைத் தனியே இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினி வேலை செய்யும், தொலைபேசி செத்துக் கிடக்கும். அந்த வீலேனில் எவ்வளவு வழி விடுவது என்பது உங்கள் முகாமையாளர் கையெழுத்திட வேண்டிய முடிவு. மருத்துவமனைக்கு அனேகமாக எல்லாம். வங்கிக்கு இணையமும் மெயிலும்.

சுவிட்ச் ஒரு சேர்வரை 5 செக்கன் வீதம் நான்கு முறை கேட்கும். ஒரு சேர்வருக்கு 20 செக்கன், இரண்டுக்கு 40. செத்த சேர்வரை இத்தனை நிமிடம் தொடாதே என்ற டெட்டைம் அமைப்பு இயல்பில் பூச்சியம், ஆகவே ஒவ்வொரு கணினியும் அந்த 20 செக்கனை மறுபடி காத்திருக்கும். டெட்டைமை 10 அல்லது 15 நிமிடமாக வையுங்கள். இதை ஒரு சனிக்கிழமை இரண்டு சேர்வரையும் நிறுத்திப் பார்த்தால்தான் நம்பலாம்.

யாழ்ப்பாணக் கிளையில் மட்டும் சான்றிதழ் தோற்கிறது. கொழும்பில் சரி.

கிளையையும் கொழும்பையும் இணைக்கும் விபிஎன்னைப் பாருங்கள். சான்றிதழ் பெரியது, அதைத் தாங்கும் ரேடியஸ் பொதி 1500 பைட்டைத் தாண்டித் துண்டாகும், வழியில் ஒரு ஃபயர்வோல் துண்டுகளைக் கீழே போடும். அடையாளம்: சிறிய பொதிகளில் போகும் எம்ஏபி அங்கே வேலை செய்யும், சான்றிதழ் நடுவில் நின்று நேரம் முடியும், சேர்வர் பதிவில் மறுப்பு என்று ஒன்றும் இருக்காது. என்பிஎஸ் விதியில் ஃப்ரேம்ட்-எம்டியு பண்பை 1344 அல்லது அதற்கும் கீழே வையுங்கள். அது கணினிக்குப் போகும் பக்கத்தைச் சிறிதாக்கும். கணினியிலிருந்து வரும் பக்கத்துக்கு விபிஎன்னில் துண்டுகளை அனுமதிக்க வேண்டி வரலாம். கிளை பெரிதென்றால் அங்கேயே ஒரு ரேடியஸ் வைப்பதே நிம்மதி.

ஒருவருக்கு மட்டும் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சுவிட்சிலிருந்து. அந்தப் போர்ட்டின் அங்கீகார அமர்வைக் காட்டும் கட்டளை மூன்றைச் சொல்லும்: எந்த மெக், எந்த முறை, எந்த நிலை. முறை எம்ஏபி என்று இருந்தால் கணினி ஈஏபி பேசவே இல்லை, சேவை நின்றிருக்கிறது. 802.1எக்ஸ் என்று இருந்து தோற்றால் சேர்வருக்குப் போங்கள். அமர்வே இல்லை என்றால் கேபிள்.

என்பிஎஸ்ஸின் நிகழ்வுப் பதிவில் 6272 அனுமதி, 6273 மறுப்பு. மறுப்பின் காரண எண்ணில்தான் விஷயம். 16 என்றால் பெயர் அல்லது கடவுச்சொல் பிழை, எஸ்ஐடி பொருந்தாத சான்றிதழும் பெரும்பாலும் இதில்தான் வரும். 48 என்றால் எந்த விதியுடனும் பொருந்தவில்லை, குழுவில் சேர்க்க மறந்திருப்பீர்கள். 22 ஈஏபி வகை ஒத்துவரவில்லை. 265 வேர்ச் சான்றிதழை நம்பவில்லை. 259 இரத்தான சான்றிதழ்களின் பட்டியலை (சிஆர்எல்) எடுக்க முடியவில்லை. சிஆர்எல் வைத்த வெப் சேர்வர் விழுந்தால் எல்லோரும் விழுவார்கள். நிகழ்வு 13 என்றால் அந்தச் சுவிட்சின் ஐபி பதிவில் இல்லை, 18 என்றால் பகிர்ந்த இரகசியம் பிழை. ஃப்ரீரேடியஸ் என்றால் சேவையை நிறுத்தி, பெரிய எக்ஸ் தெரிவுடன் முன்னால் ஓடவிட்டு வாசியுங்கள். நீளமாக வரும், ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விடாது.

கடவுச்சொல்லைத் திருத்திய பிறகும் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. தோல்விக்குப் பின் சுவிட்ச் 60 செக்கன் மௌனம் காக்கும், பொறுங்கள்.

பழைய கணினி, சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்கிறதா? தாய்ப்பலகையில் சிஆர்2032 பட்டரி செத்து, திகதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். நேரத்தைச் சரிசெய்ய வலையமைப்பு வேண்டும், வலையமைப்புக்குச் சரியான நேரம் வேண்டும். பட்டரியை மாற்றி, பயோஸில் திகதியைக் கையால் போடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே நாளில் வரவில்லை என்றால் முதலில் சேர்வர் சான்றிதழின் முடிவுத் திகதி. ஃப்ரீரேடியஸ் மூலத்துடன் வரும் பரீட்சார்த்தச் சான்றிதழ்ப் படிவத்தில் காலம் 60 நாள்தான். அதையே உற்பத்தியில் விட்டவர்களுக்கு இரண்டு மாதம் நன்றாக ஓடும்.

மேசைக்கடியில் 5 போர்ட் சிறு சுவிட்ச் வைக்கலாமா?

வேண்டாம். தரத்தின்படி நடக்கும் சுவிட்ச் ஈஏபி பொதிகளைக் கடத்தாது, கணினி கேட்டுக்கொண்டே இருக்கும். சில மலிவுச் சுவிட்சுகள் கடத்தும், அப்போது ஒரு போர்ட்டில் நான்கு மெக் வந்து மீறல் ஆகும். இன்னொரு கேபிள் இழுங்கள்.

இதையும் தாண்டி வர முடியுமா?

முடியும். அனுமதி பெற்ற கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு சிறு கருவியை வைத்து, கணினியை அங்கீகரிக்கவிட்டு, அதன் முகவரியிலேயே தன் பொதிகளையும் அனுப்பலாம். போர்ட் திறந்தபின் வரும் ஒவ்வொரு பொதியையும் 802.1எக்ஸ் மட்டும் சரிபார்ப்பதில்லை. அதைத் தடுப்பது ஒவ்வொரு பொதியையும் சரிபார்க்கும் மெக்செக் என்ற முறை. 802.1எக்ஸின் 2010 பதிப்பு அதற்கான சாவிப் பரிமாற்றத்தைச் சேர்த்தது. சுவிட்சும் கணினியும் இரண்டும் ஆதரிக்க வேண்டும், செலவு கூடும். கூட்ட அறையைவிட நிதிப் பிரிவில் அது பொருந்தும்.

2024 யூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் (சிவிஇ-2024-3596) என்ற தாக்குதல், ரேடியஸ் பாவிக்கும் பழைய எம்டி5 ஹாஷின் பலவீனத்தைக் காட்டியது. சுவிட்சுக்கும் சேர்வருக்கும் நடுவே நிற்பவர் மறுப்பை அனுமதியாக மாற்றலாம். பொதி மாற்றப்படவில்லை என்று காட்டும் மெசேஜ்-ஒதென்டிகேட்டர் பண்பு ஈஏபியில் கட்டாயம் என்பதால் அது தப்பியது, எம்ஏபி தப்பவில்லை. சேர்வரையும் சுவிட்சையும் புதுப்பித்து, அந்தப் பண்பு இல்லாத பொதியை ஏற்காதபடி அமையுங்கள். ரேடியஸ் போகும் வீலேனைப் பயனர்களிடமிருந்து பிரியுங்கள். பகிர்ந்த இரகசியம் ஒவ்வொரு சுவிட்சுக்கும் வேறாக, 20 எழுத்துக்கு மேல் இருக்கட்டும். "டெஸ்டிங்123" என்பது ஃப்ரீரேடியஸின் மாதிரிக் கோப்பிலேயே இருக்கிறது, உலகம் முழுக்கத் தெரியும்.

பதிவுகளை எவ்வளவு காலம் வைப்பது?

யார், எந்த மேசையில், எத்தனை மணிக்கு என்பது இதில் விழுவதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் இது தனிப்பட்ட தரவு. காலத்தைச் சட்டப் பிரிவுடன் பேசி எழுத்தில் வையுங்கள். வருகை நேரம் பார்க்க இதைக் கேட்கும் முகாமையாளருக்கு, அதற்குத்தான் கைரேகை இயந்திரம் இருக்கிறது என்று சொல்லலாம்.

கணக்காய்வாளர்கள் இரண்டு வாரம் தங்கள் லப்டொப்புடன் வருகிறார்கள். என்ன செய்வது?

அவர்களுக்கென ஓர் அறை, இணையமும் ஒரு பிரிண்டரும் மட்டும் காணும் வீலேன், அதற்கு வரவேற்பில் எழுதிக் கொடுக்கும் கணக்கு. அவர்களுடைய மெக் முகவரிகளை எம்ஏபி பட்டியலில் போடுவதானால் பதிவுடன் முடிவுத் திகதியையும் போடுங்கள். திகதி இல்லாத பதிவைச் சேர்வர் ஏற்காதபடி செய்துவிட்டால் இன்னும் நல்லது.